வைக்கோலிலிருந்து எத்தனால்: முன்பதப்படுத்தலில் எந்த முறை நல்லது?

வெல்லக் கரைசலில் ஈஸ்ட்டைக் கலந்தால் மறுநாளே நுரைத்து வருகிறது. ஆனால் நெல் வைக்கோலை அரைத்துச் சலித்து ஊறவைத்து, செல்லுலோஸைச் சர்க்கரையாக உடைக்கும் செல்லுலேஸ் நொதியையும் விலைக்கு வாங்கிச் சேர்த்து, அதே ஈஸ்ட்டைப் போட்டால் ஐந்து நாளாகியும் ஒன்றும் நடக்கவில்லை என்கிறார் இறுதியாண்டுச் செயல்திட்டம் செய்யும் ஒரு மாணவர். வைக்கோலை முதலில் அமிலத்தில் பதப்படுத்த வேண்டுமா, காரத்திலா, நீராவியிலா, இவற்றில் எது சிறந்தது என்பது அவருடைய கேள்வி.

சுருக்கமாகச் சொல்வதானால், ஆய்வகக் குடுவையில் நெல் வைக்கோலுக்குக் காரம், அதாவது காஸ்டிக் சோடாவே எளிதாகவும் நிச்சயமாகவும் பலன் தரும். ஆலை என்று வந்துவிட்டால், அதே காஸ்டிக் சோடாவைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு நீராவியையும் சிறிதளவு அமிலத்தையும் நாட வேண்டியிருக்கும். இந்த முரண்பாட்டுக்குக் காரணம், ஒரு முறை எவ்வளவு சர்க்கரையைத் திறந்துவிடுகிறது என்பதோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. எவ்வளவு நீரை, உப்பை, சாம்பலை, நச்சுப் பொருளை அடுத்த கட்டத்தின் தலையில் கட்டிவிட்டுப் போகிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் முதல் பாதி விரிவாக இருக்கும். இரண்டாம் பாதி பல நேரங்களில் இருக்காது.

முதலில், உங்கள் குடுவையில் ஏன் எதுவும் நடக்கவில்லை என்பதைப் பார்ப்போம். சோற்றில் உள்ள மாவுச்சத்தும் வைக்கோலில் உள்ள செல்லுலோஸும் ஒரே குளுக்கோஸால் ஆனவை. மாவுச்சத்தில் குளுக்கோஸ் அலகுகள் ஆல்ஃபா பிணைப்பால் இணைவதால் சங்கிலி சுருண்டு தளர்வாக நிற்கிறது. செல்லுலோஸில் பீட்டா பிணைப்பு இருப்பதால் சங்கிலி நாடாபோல நீண்டு, பக்கத்துச் சங்கிலிகளோடு ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒட்டிக்கொண்டு, நீர்கூட உள்ளே புக முடியாத படிக இழையாக இறுகிவிடுகிறது. அரிசி அரைமணி நேரத்தில் வெந்து குழைகிறது. பருத்தி வேட்டியை நாள் முழுக்க வேகவைத்தாலும் அது வேட்டியாகவேதான் வெளியே வரும்.

பருத்தியிலாவது செல்லுலோஸ் ஏறத்தாழத் தனியாக இருக்கிறது. வைக்கோலில் அந்த இழைகளைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ் என்ற கிளைத்த சர்க்கரைச் சங்கிலிகள் பின்னிக் கிடக்கின்றன. அந்தப் பின்னலுக்குள் லிக்னின் என்ற பிசின் வார்த்தாற்போல இறங்கியிருக்கிறது. புல்லினத் தாவரங்களில் ஹெமிசெல்லுலோஸையும் லிக்னினையும் ஃபெருலிக் அமிலம் எஸ்டர் பிணைப்புகளால் தைத்து வைத்திருக்கிறது. இந்தத் தையல் பின்னால் நமக்கு மிகவும் உதவப் போகிறது என்பதால் அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செல்லுலேஸ் நொதி ஒரு புரதம். அதன் குறுக்களவு சுமார் 5 நானோமீட்டர். பதப்படுத்தாத செல்சுவரிலுள்ள நுண்துளைகளில் பெரும்பாலானவை அதைவிடச் சிறியவை. ஆகவே நொதி வைக்கோலின் வெளிப்பரப்பைத் தடவிவிட்டு நின்றுவிடுகிறது. உள்ளே புகுந்த கொஞ்சமும் லிக்னினில் ஒட்டிக்கொண்டு வீணாகிறது. பதப்படுத்தாத வைக்கோலில் செல்லுலோஸின் 20 விழுக்காடு குளுக்கோஸாக மாறினாலே அதிகம். சரியாகப் பதப்படுத்திய வைக்கோலில் 80, 90 விழுக்காட்டை எட்டலாம். அரைத்தது வீண் இல்லை என்றாலும், அரைப்பதால் மட்டும் இந்தத் துளைகள் பெரிதாவதில்லை. படிக அமைப்பே குலையும் அளவுக்கு அரைக்க முடியும்தான். அதற்கு ஆகும் மின்சாரம் கிடைக்கும் எத்தனாலுக்குக் கட்டுப்படியாகாது.

கந்தக அமிலத்தைக் கொண்டு கந்தைத் துணியைச் சர்க்கரையாக மாற்றலாம் என்று ஆன்றி பிராக்கோனோ 1819-லேயே பிரான்சில் காட்டிவிட்டார். நொதி வழியின் தொடக்கம் வேறு. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களை மக்கச் செய்த பூஞ்சையைத் தேடிப் பிடித்ததில் கிடைத்ததுதான் டிரைக்கோடெர்மா ரீசி. அதை ஆராய்ந்த எல்வின் ரீஸின் பெயரையே அது தாங்கியிருக்கிறது. இன்று விற்கப்படும் செல்லுலேஸ்களில் பெரும்பகுதி அந்தப் பூஞ்சையின் வழித்தோன்றல்களிலிருந்து வருவதே. கூடாரத் துணியைத் தின்று பழகிய பூஞ்சையின் நொதிக்கு லிக்னின் சூழ்ந்த வைக்கோல் சற்று அந்நியமானது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. உண்மையும் அதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை.

இனி முறைகளுக்கு வருவோம். காரத்தின் வேலையைப் புரிந்துகொள்ள வெள்ளாவியை நினைத்தால் போதும். அழுக்குத் துணியை உவர்மண் கரைசலில் முக்கிப் பானையில் அடுக்கி ஆவியில் வேகவைத்தால், அழுக்கும் எண்ணெயும் கரைந்து போகும், பருத்தி அப்படியே நிற்கும். காரமும் வெப்பமும் சேர்ந்து செல்லுலோஸை விட்டுவிட்டு மற்றதைக் கரைப்பதே இங்கும் நடக்கிறது. வைக்கோலை 2 விழுக்காடு காஸ்டிக் சோடாக் கரைசலில், எடைக்குப் பத்து மடங்கு நீர்மம் என்ற அளவில், ஆட்டோகிளேவ் என்ற ஆய்வக நீராவி அழுத்தக் கலனில் 121 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால், மேலே சொன்ன எஸ்டர் தையல்கள் அறுந்து, லிக்னினில் பெரும்பகுதியும் ஹெமிசெல்லுலோஸில் ஒரு பகுதியும் கரைந்துவிடுகின்றன. தைலமரம், சவுக்கு போன்ற கட்டைகளிலும், அவற்றைவிட அதிகமாக ஊசியிலை மரங்களிலும், இந்தத் தையல்கள் குறைவு. அதனால்தான் வைக்கோலில் இவ்வளவு நன்றாக வேலை செய்யும் மிதமான காரம் அங்கே சோபிப்பதில்லை.

நான் முதன்முதலில் இதைச் செய்தபோது, மூடியைத் திறந்ததும் உள்ளே இருந்தது ஆறிப்போன காப்பி டிகாக்‌ஷனைப் போன்ற கறுத்த நீர். அதற்குள் வைக்கோல் நாராகப் பிரிந்து, விரலால் நசுக்கினால் ஈரப் பஞ்சுபோல் இருந்தது. மகிழ்ச்சி அதோடு முடிந்தது. அந்த நாரைத் துணியில் வடிகட்டிக் கழுவத் தொடங்கினால், பழுப்பு நிறம் போய்க்கொண்டே இருக்கிறதே ஒழிய லிட்மஸ் தாளின் நீலம் போகவில்லை. வெறும் 100 கிராம் வைக்கோலுக்கு இரண்டு வாளித் தண்ணீர் செலவாயிற்று. கடைசியில் உலர் எடைக் கணக்கில் 58 கிராம் மிஞ்சியது. அன்று நொதி கொடுத்த சர்க்கரை அளவு அருமையாகத்தான் இருந்தது. அந்த இரண்டு வாளிக் கறுப்பு நீரை யாரும் கணக்கில் எழுதவில்லை.

அதையே ஒரு டன் வைக்கோலுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். பத்து டன் நீர்மத்தில் 2 விழுக்காடு என்றால் 200 கிலோ காஸ்டிக் சோடா. வைக்கோலில் 35 விழுக்காடு செல்லுலோஸ் என்று வைத்துக்கொண்டால், 350 கிலோ செல்லுலோஸ் நீரேற்றம் பெற்று 389 கிலோ குளுக்கோஸாகும். அது முழுவதும் நொதித்தால் 198 கிலோ, அதாவது சுமார் 250 லிட்டர் எத்தனால். இது கொள்கையளவிலான உச்ச வரம்பு. இதற்காக 200 கிலோ காஸ்டிக் சோடாவைக் கொட்டி, அதை மீட்டெடுக்காமல் விடுவது எந்த வணிகத்திலும் செல்லாது. வெப்பக் கணக்கு இன்னும் மோசம்: பத்து டன் நீரை 30 டிகிரியிலிருந்து 121 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 3.8 ஜிகாஜூல் வேண்டும். அந்த 198 கிலோ எத்தனாலை எரித்தால் கிடைப்பதே 5.3 ஜிகாஜூல்தான். காகித ஆலைகள் கறுப்பு நீர்மத்தைச் சுண்டவைத்து எரித்துக் காரத்தை மீட்பதைப் போல இங்கும் செய்யலாமே என்று கேட்கலாம். நெல் வைக்கோலில் 10 முதல் 18 விழுக்காடு வரை சாம்பல், அதில் பெரும்பகுதி சிலிக்கா. அந்தச் சிலிக்கா காரத்தில் கரைந்து போய், சுண்டவைக்கும் குழாய்களில் கல்லாகப் படியும். கரும்புச் சக்கையில் இந்தத் தொல்லை குறைவு. கரூர் அருகே காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் சக்கையைக் கொண்டு இத்தனை ஆண்டுகளாகக் காகிதம் செய்துவருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

காரக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அம்மோனியா. கால்நடை வளர்ப்போர் பலருக்கு இது பெயர் தெரியாமலேயே பழக்கமானது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 65 லிட்டர் நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி, மூன்று வாரம் கழித்துத் திறந்தால், மூக்கை அறுக்கும் நெடியோடு வைக்கோல் பொன்பழுப்பாக, கைக்கு மெதுவாக இருக்கும். நெடி போக ஆறவிட்டு மாட்டுக்குப் போடுவார்கள். யூரியா சிதைந்து வெளிவந்த அம்மோனியா அதே எஸ்டர் தையல்களை அறுத்திருக்கிறது; மாட்டின் இரைப்பை நுண்ணுயிர்களின் நொதிகள் இப்போது உள்ளே புக முடிகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் டேல் வளர்த்தெடுத்த அம்மோனியா விரிவாக்க முறை இதே வேதியியலை மூன்று வாரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகச் சுருக்குகிறது: அழுத்தத்தில் நீர்ம அம்மோனியாவோடு வைக்கோலைச் சூடாக்கி, அழுத்தத்தைத் திடீரென விடுவிக்கிறார்கள். அம்மோனியா ஆவியாகிப் பிரிவதால் அதைப் பிடித்து மறுபடி பயன்படுத்தலாம், கழுவ வேண்டியதில்லை, கறுப்பு நீர் இல்லை, உள்ளே போனது உலர்ந்த வைக்கோல், வெளியே வருவதும் ஏறத்தாழ உலர்ந்த வைக்கோல். வாயுவைக் கசியாமல் பிடித்து அழுத்தி மீட்கும் இயந்திரங்களின் விலைதான் இதன் குறை.

அமிலம் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. 0.5 முதல் 2 விழுக்காடு கந்தக அமிலம், 140 முதல் 200 டிகிரி வெப்பம், சில நிமிடங்கள்: இவ்வளவில் ஹெமிசெல்லுலோஸ் சைலோஸ் என்ற சர்க்கரையாக உடைந்து கரைந்துவிடும், லிக்னின் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். லிக்னினை நீக்காமல் எப்படிப் பலன் கிடைக்கும் என்று மாணவர்கள் குழம்புவது இங்கேதான். லிக்னினை நீக்குவது ஒரு வழி மட்டுமே. நொதி நுழைய இடம் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம், ஹெமிசெல்லுலோஸ் வெளியேறினாலும் இடம் கிடைக்கிறது. வெப்பத்தில் லிக்னினும் இளகி, ஆறும்போது நுண்துளிகளாகத் திரண்டு இழைகளின் மேல் உறைகிறது. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் புல் நுனியில் பனித்துளி போலத் தெரியும்.

நீராவி வெடிப்பு முறையில் அமிலத்தைச் சேர்க்காமலும் இருக்கலாம். ஹெமிசெல்லுலோஸில் தொங்கிக்கொண்டிருக்கும் அசெட்டைல் தொகுதிகள் 180 டிகிரிக்கு மேல் அசெட்டிக் அமிலமாகக் கழன்று, வைக்கோல் தன் சொந்த அமிலத்திலேயே வேகத் தொடங்கும். பிறகு வால்வைத் திறந்து அழுத்தத்தைச் சட்டென்று விடுவித்தால், நாருக்குள் இருக்கும் நீர் ஆவியாகி அதைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். மரச் சில்லுகளை இப்படி வெடிக்கவைத்து அட்டைப் பலகை செய்யும் மேசனைட் முறை 1920-களிலேயே அமெரிக்காவில் வந்துவிட்டது. எத்தனால்காரர்கள் அதை இரவல் வாங்கினார்கள். அமிலத்தின் அளவை மாற்றாமல், வெப்பத்தை 10 டிகிரி கூட்டினால் நேரத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கலாம் என்பது இம்முறைகளில் நல்ல கைக்கணக்கு.

ஆனால் அமில வழியில் அடுப்பை ஒரு நொடி மறந்தாலும் தீய்ந்துவிடும். சைலோஸ் ஃபர்ஃபியூராலாகவும், குளுக்கோஸ் ஹைட்ராக்சிமெத்தில் ஃபர்ஃபியூராலாகவும், அதற்கு மேல் லெவுலினிக் அமிலமாகவும் ஃபார்மிக் அமிலமாகவும் சிதையும். இழந்தது சர்க்கரை மட்டும் இல்லை; இவையும் அசெட்டிக் அமிலமும் சேர்ந்து ஈஸ்ட்டை முடக்கும். அமிலத்தை நடுநிலையாக்குவதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. ஒரு டன் வைக்கோலோடு நான்கு டன் நீர்மம், அதில் 1 விழுக்காடு அமிலம் என்றால் 40 கிலோ கந்தக அமிலம். அதைச் சுண்ணாம்பால் நடுநிலையாக்கினால் சுமார் 70 கிலோ ஜிப்சம் சேறாகச் சேரும். சுண்ணாம்புக்குப் பதில் அம்மோனியாவை ஊற்றினால் அம்மோனியம் சல்பேட் உருவாகி ஈஸ்ட்டுக்குத் தழைச்சத்தாகிவிடும். விலை சற்றுக் கூடினாலும், அள்ளிக் கொட்ட இடம் தேட வேண்டிய சேறு இல்லாததால் அம்மோனியாவே மேல் என்பது என் கருத்து. சைலோஸைப் பற்றியும் ஒரு வார்த்தை: ரொட்டி ஈஸ்ட் அதை இயற்கையில் நொதிக்காது. மரபணு மாற்றிய ஈஸ்ட் இல்லாவிட்டால் அமிலம் பிரித்துக் கொடுத்த அந்தச் சர்க்கரை அப்படியே கிடக்கும்.

வெண் அழுகல் பூஞ்சைகளைக் கொண்டு லிக்னினைத் தின்னவைப்பது அழகான யோசனை. வாரக்கணக்கில் இடம் அடைத்துக்கொள்வதோடு சர்க்கரையிலும் பங்கு கேட்கும். குறைந்த வெப்பத்திலேயே நீர்மமாக நிற்கும் உப்புகளான அயனி நீர்மங்கள் செல்லுலோஸையே கரைத்துவிடும்; அவற்றின் விலையைப் பார்த்தால் ஒரு துளியும் இழக்காமல் மீட்டாக வேண்டும்.

ஆலைகளின் வரலாறு இந்தக் கேள்விக்கு ஆய்வகத்தைவிடத் தெளிவாகப் பதில் சொல்கிறது. இத்தாலியின் கிரெஷெந்தினோவில் 2013-ல் திறந்த ஆலை நீராவியை மட்டும் நம்பியது. அமெரிக்காவின் அயோவாவில் டுபாண்ட் நிறுவனம் 2015-ல் திறந்தது நீர்த்த அம்மோனியாவை நம்பியது. இரண்டும் 2017-ல் மூடப்பட்டன, முதலாவது பின்னர் வேறு கைக்கு மாறி 2022-ல் மீண்டும் இயங்கியது. அதே அயோவாவில் 2014-ல் தொடங்கிய போயட்-டிஎஸ்எம் ஆலை, முன்பதப்படுத்தும் கட்டமே தனக்கு இடைஞ்சலாக இருந்தது என்று வெளிப்படையாகவே சொன்னது. 2019-ல் எத்தனால் உற்பத்தியை நிறுத்தியது. மூடல்களுக்கு எண்ணெய் விலை, முதலாளிகளின் கடன் எனப் பல காரணங்கள் உண்டு என்றாலும், இந்தத் துறையில் திரும்பத் திரும்பக் கேட்கும் புகார் மிகச் சாதாரணமானது: வயலிலிருந்து கட்டோடு வரும் மண்ணும் மணலும். ஆய்வகத்தில் நாம் கழுவி உலர்த்திய வைக்கோலை எடுக்கிறோம். ஆலைக்கு வருவது ஈரமும் கல்லும் கலந்த கட்டு. அழுத்தக் கலனுக்குள் அதைத் திணிக்கும் திருகு தேய்கிறது, வால்வுகள் அரிக்கப்படுகின்றன, ஒரே ஒரு கல் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது.

இந்தியாவில் இந்தியன் ஆயில் நிறுவனம் ஹரியானாவின் பானிப்பட்டில் 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கட்டிய ஆலை 2022 ஆகஸ்ட் 10 அன்று அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது அதன் அறிவிக்கப்பட்ட திட்டம். வகுத்துப் பார்த்தால் டன்னுக்கு 150 லிட்டர். செல்லுலோஸுக்கு மட்டும் நாம் மேலே கண்ட 250 லிட்டர் உச்ச வரம்போடு இதை ஒப்பிட்டால், ஈரம், மண், சிதைந்த சர்க்கரை, எட்டாத செல்லுலோஸ் ஆகியவை எவ்வளவு தின்கின்றன என்பது புரியும். அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையில் சில வாரங்களே இருப்பதால் வைக்கோலை வயலிலேயே எரிக்கும் பஞ்சாப், ஹரியானாவுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். மாட்டுக்குத் தீவனமாக விலைபோகும் தமிழ்நாட்டு வைக்கோலையும், கொதிகலனுக்கும் காகிதத்துக்கும் போகும் கரும்புச் சக்கையையும் “கழிவு” என்று செயல்திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதுவதற்கு முன் நீங்கள் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

இனி உங்கள் சோதனைக்கு வருகிறேன். காஸ்டிக் சோடாவையே எடுத்துக்கொள்ளுங்கள், 1 மற்றும் 2 விழுக்காடு என இரண்டு அளவுகளில். ஒப்பிட, 1 விழுக்காடு கந்தக அமிலத்தில் ஒரு தொகுதி. ஆட்டோகிளேவ் இல்லை என்று வீட்டு அலுமினியக் குக்கரை எடுத்துவிட வேண்டாம். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜனைக் கிளப்பும், மூடிய பாத்திரத்தில் அது ஆபத்து. கழுவிய நாரை உலர்த்தும் அடுப்பில் வைக்காதீர்கள். அரும்பாடுபட்டுத் திறந்த நுண்துளைகள் உலரும்போது ஒட்டி மூடிக்கொள்ளும், பிறகு நனைத்தாலும் முழுதாகத் திறக்காது. ஈரமாகவே குளிர்பெட்டியில் வைத்து, ஈரப்பதத்தைத் தனியாக ஒரு சிறு மாதிரியில் அளந்துகொள்ளுங்கள். நொதிக்கு 50 டிகிரியும் 4.8 பிஎச்சும் வேண்டும், ஈஸ்ட்டுக்கு 30 டிகிரி போதும். இரண்டையும் முதல் நாளே ஒன்றாகப் போட்டதும் உங்கள் தோல்வியில் ஒரு பங்கு வகித்திருக்கும். முதலில் இரண்டு நாள் நொதியை வேலை செய்யவிட்டு, ஆறவைத்து, அதன் பிறகு ஈஸ்ட்டைச் சேருங்கள்.

விளைச்சலை எழுதும்போது பதப்படுத்திய நாரை அடிப்படையாகக் கொள்ளாமல், தொடக்கத்தில் எடைபோட்ட வைக்கோலையே அடிப்படையாகக் கொள்ளுங்கள். உதாரணமாக, 100 கிராம் வைக்கோலில் 36 கிராம் செல்லுலோஸ் இருந்து, பதப்படுத்திய பிறகு 58 கிராம் நாரில் 33 கிராம் மிஞ்சி, அதில் 85 விழுக்காடு குளுக்கோஸானால் கிடைப்பது சுமார் 31 கிராம். கிடைத்திருக்கக்கூடிய 40 கிராமில் அது 78 விழுக்காடு. 85 என்று எழுதினால் கழுவும்போது போன 3 கிராம் செல்லுலோஸ் கணக்கிலிருந்து மறைந்துவிடும். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு பத்தி போட்டு, ஒவ்வொரு முறையிலும் எத்தனை லிட்டர் நீரில் கழுவினீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள்.